கிருமி செத்த பிறகும் கண் போவது ஏன்?

கண்புரை அறுவை முடிந்து, செயற்கை லென்ஸைப் பொருத்திவிட்டு, மருத்துவர் காயத்தில் கசிவு இருக்கிறதா என்று கடைசியாகப் பார்க்கும் நேரம் அது. அப்போது கண்ணின் முன்னறையிலிருந்து ஒரு துளி நீரை எடுத்து வளர்தட்டில் இட்டால் கிருமி வளருமா? 1991இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 30 பேரின் கண்களில் இதைச் சோதித்தார்கள். 13 பேரின் நீரில் பாக்டீரியா வளர்ந்தது. நூற்றுக்கு 43 என்ற கணக்கு. வேறு ஆய்வுகளில் இந்த விகிதம் கூடியும் குறைந்தும் வந்திருக்கிறது. ஆனாலும் கிருமி நுழைவது அரிது என்று எவரும் சொல்ல முடியாது.

அப்படியானால் அறுவை செய்துகொள்பவர்களில் பெரும்பகுதியினருக்குக் கண்ணில் சீழ் பிடித்திருக்க வேண்டும். ஒழுங்காக நடக்கும் மருத்துவமனைகளில் அது ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட வருவதில்லை. கண்ணுக்குள் நுழைந்த கிருமிகள் எங்கே போயின என்ற கேள்விக்கும், அந்த ஒருவருக்கு மட்டும் கண் ஏன் போகிறது என்ற கேள்விக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது: கண்ணின் நோய் எதிர்ப்பு. கிருமிகளைச் சத்தமில்லாமல் அப்புறப்படுத்துவதும் அதுதான். எல்லை மீறும்போது விழித்திரையைக் குலைப்பதிலும் அதற்குப் பெரும் பங்கு உண்டு. கண்ணுக்குள் வரும் இந்தச் சீழ்த் தொற்றை மருத்துவர்கள் எண்டாப்தால்மைட்டிஸ் என்கிறார்கள். அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கிருமியின் பெயரையும் மருந்தின் பெயரையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். பாதிக் கதை அதற்கு அப்பால் இருக்கிறது.

கிருமி எங்கிருந்து வருகிறது என்பதில் குழப்பம் அதிகம் இல்லை. 1991இல் நியூயார்க்கைச் சேர்ந்த மார்க் ஸ்பீக்கரும் சக ஆய்வாளர்களும், தொற்று வந்த 17 பேரின் கண்ணுக்குள் இருந்த பாக்டீரியாவையும் அதே நபர்களின் இமை, வெண்படலம், மூக்கு ஆகிய இடங்களில் இருந்த பாக்டீரியாவையும் ஒப்பிட்டார்கள். 14 பேரிடம் இரண்டும் பிரித்தறிய முடியாதபடி ஒன்றாக இருந்தன. நோயாளியின் சொந்த இமையோரத்தில் எப்போதும் வாழும் கிருமிதான் காயத்தின் வழியே உள்ளே போகிறது. அறுவைக்கு முன் கண்ணில் விடும் போவிடோன் அயோடின் சொட்டு இன்று உலகெங்கும் வழக்கமாகியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

உள்ளே போன கிருமிக்கு முதலில் கிடைக்கும் இடம் முன்னறை. கருவிழிக்கும் லென்ஸுக்கும் இடையில் கால் மில்லிலிட்டர் அளவுக்கு நீர் இருக்கிறது. அது தேங்கி நிற்பதில்லை. சுமார் 100 நிமிடங்களில் அந்த நீர் முழுவதும் வடிந்து, புதிதாகச் சுரந்த நீர் நிரம்பிவிடுகிறது. வடியும் நீரோடு கிருமியும் போகிறது. மிஞ்சியதை அங்கே குறைந்த அளவில் இருக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்களும் சுற்றுவட்டத் திசுவில் இருக்கும் விழுங்கு செல்களும் பார்த்துக்கொள்கின்றன. லென்ஸின் பின்னுறைக்குப் பின்னால் நிலைமை வேறு. அங்கே சுமார் 4 மில்லிலிட்டர் விட்ரியஸ் ஜெல் இருக்கிறது. அதில் ஓட்டம் கிடையாது, ரத்தக்குழாய் கிடையாது, ஓய்வு நேரத்தில் காவல் செல்களும் மிகக் குறைவு. கிருமிக்கு அது வளர்தட்டுக்குச் சமம்.

இரண்டு அறைகளையும் பிரிப்பது அந்த மெல்லிய பின்னுறை மட்டும்தான். 1984இல் வெளியான ஒரு குரங்கு ஆய்வு இதை நேரடியாகக் காட்டியது. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவை முன்னறையில் செலுத்தியபோது, பின்னுறை முழுதாக இருந்த கண்கள் பெரும்பாலும் தப்பித்தன. பின்னுறை கிழிந்திருந்த கண்களில் தொற்று பிடித்துக்கொண்டது. அறுவையின்போது பின்னுறை கிழிந்தால் தொற்றின் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது என்று மனிதர்களிடம் எடுத்த கணக்குகளும் சொல்கின்றன. அறுவை அரங்கில் பின்னுறை கிழிந்தவுடன் எல்லோர் முகமும் மாறுவதற்கு லென்ஸை வைக்கும் சிரமம் மட்டும் காரணம் அல்ல.

கண் ஏன் இப்படித் தன் உள்ளறையைக் காவல் இல்லாமல் விட்டுவைத்திருக்கிறது? 1873இலேயே டச்சு மருத்துவர் வான் டோரமால், நாயின் கண் முன்னறையில் வைத்த அயல் திசு எதிர்பார்த்ததைவிட நீண்ட நாள் உயிரோடு இருப்பதைக் கவனித்தார். 1948இல் பீட்டர் மெடவார், முயலின் முன்னறையில் வேறொரு முயலின் தோலை ஒட்டி அதையே முறையாக நிறுவினார். உடலின் மற்ற இடங்களில் சில நாள்களில் நிராகரிக்கப்படும் திசு, இங்கே ஏற்றுக்கொள்ளப்பட்டது. நோய் எதிர்ப்பிலிருந்து கண்ணுக்குக் கிடைத்த இந்த விலக்கு, வெறும் சுவர்களால் வந்தது என்று முதலில் நினைத்தார்கள். 1970களில் ஹென்றி கப்லானும் வேய்ன் ஸ்ட்ரைலீனும் செய்த வேலைக்குப் பிறகுதான் இது கண் முயன்று நடத்தும் அடக்கம் என்பது தெரிந்தது. முன்னறைக்குள் வந்த அயல் பொருளைப் பற்றிய செய்தி மண்ணீரலுக்குப் போகிறது. அங்கே அதே பொருளுக்கு எதிரான கடும் எதிர்வினையைத் தணிக்கும் செல்கள் உருவாகின்றன. முன்னறை நீரில் டிஜிஎஃப்-பீட்டா போன்ற அடக்கும் புரதங்கள் எப்போதும் கலந்திருக்கின்றன. கண் திசுக்கள் பலவற்றின் மேற்பரப்பில் ஃபாஸ் லிகண்ட் என்ற புரதம் இருக்கிறது. அழற்சியோடு உள்ளே வரும் வெள்ளணுக்களைத் தற்கொலைக்குத் தூண்டுவது அதன் வேலை.

காரணம் எளிது. தோலில் ஒரு கட்டி வந்து ஆறினால் தழும்பு மட்டும் மிஞ்சும், கை வேலை செய்யும். விழித்திரையின் நரம்பு செல்கள் ஒருமுறை செத்தால் மனிதரில் திரும்ப முளைப்பதில்லை. ஒளி போகும் பாதையில் மெல்லிய தழும்பு விழுந்தாலும் பார்வை போய்விடும். ஆகவே சின்ன ஆபத்துக்கெல்லாம் படையைக் கூப்பிடாமல் இருப்பது கண்ணுக்கு லாபம். முன்னறையில் கொஞ்சம் கிருமி நுழைந்தால் ஆரவாரமில்லாமல் வடித்துவிட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. இது எப்போதும் பலிக்கிறது, ஒரு எல்லை வரைக்கும்.

அந்த எல்லையைக் கிருமியின் எண்ணிக்கையும் இடமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. விட்ரியஸில் கிருமி பெருகத் தொடங்கியதும் முதலில் விழித்துக்கொள்பவை விழித்திரையிலேயே இருக்கும் செல்கள்: முல்லர் செல்களும் மைக்ரோக்ளியாவும். நரம்பு செல்களுக்குத் தாங்கும் திசுவாகவும் உணவு தருபவையாகவும் நெடுங்காலம் கருதப்பட்ட முல்லர் செல்கள், கிருமியை அடையாளம் காணும் காவல் செல்களும்தான் என்பதை டெட்ராய்ட்டின் வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அசோக் குமாரின் குழு விரிவாகக் காட்டியிருக்கிறது. செல்லின் மேற்பரப்பில் டோல் ஏற்பிகள் இருக்கின்றன. கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவின் செல்சுவர்த் துணுக்குகளை டோல்-2 பிடிக்கிறது. கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவின் எண்டோடாக்சினை டோல்-4 பிடிக்கிறது. பிடித்தவுடன் செல்லுக்குள் தொடர் சமிக்ஞை ஓடி, சைட்டோகைன்களும் வெள்ளணுக்களை இழுக்கும் கீமோகைன்களும் சுரக்கின்றன. ரத்தத்துக்கும் விழித்திரைக்கும் இடையில் உள்ள தடுப்பு இளகுகிறது. நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் அலையலையாக உள்ளே வருகின்றன. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவைச் செலுத்திய எலிக் கண்ணில் நாலைந்து மணி நேரத்திலேயே அவை வந்துவிடுகின்றன.

நியூட்ரோஃபில் கிருமியை விழுங்கிக் கொல்கிறது. கூடவே புரதங்களை அரிக்கும் எலாஸ்டேஸ் போன்ற நொதிகளையும், எதையும் எரிக்கும் ஆக்சிஜன் வினைப்பொருள்களையும், தன் சொந்த டிஎன்ஏவால் பின்னிய வலைகளையும் வெளியே கொட்டுகிறது. எது பாக்டீரியா, எது ஒளியுணர் செல் என்று இந்த ரசாயனங்களுக்குப் பேதம் தெரியாது. களை எடுக்க இறங்கியவர்கள் நாற்றையும் சேர்த்து மிதித்த வயல்போல ஆகிறது விழித்திரை.

மிதித்தவர்களைத் தடுத்துவிட்டால்? ஆய்வகங்கள் பல வழிகளில் கேட்ட கேள்வி இது. கிடைத்த விடைகள் ஒன்றுக்கொன்று முரணானவை. முரணில்தான் பாடம் இருக்கிறது. 2003இல் வெளியான ஆய்வில் எலிகளின் நியூட்ரோஃபில்களை எதிர்ப்பொருளால் குறைத்துவிட்டு ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸைக் கண்ணில் செலுத்தினார்கள். அழற்சி குறைந்தது, ஆனால் கிருமியை அகற்றும் வேகமும் குறைந்தது. ஓக்லஹோமாவில் மிஷெல் கல்லகனின் ஆய்வகம் பேசில்லஸ் தொற்றில் பல ஆண்டுகளாக உழைத்துவருகிறது. டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற சைட்டோகைன் இல்லாத எலிகளில் நியூட்ரோஃபில்கள் குறைவாகவே வந்தன. கண்ணோ இன்னும் மோசமானது. சிஎக்ஸ்சிஎல்1 என்ற கீமோகைன் இல்லாத எலிகளிலோ நியூட்ரோஃபில்கள் குறைந்தன, விழித்திரையின் செயல்திறன் கூடுதலாகத் தப்பியது. டோல் ஏற்பிகளின் பாதையைத் தடுத்தபோதும் அழற்சி தணிந்தது. ஃபாஸ் லிகண்ட் இல்லாத எலிகள் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸை அடக்க முடியாமல் திணறின. கண்ணின் அடக்கத்துக்குக் காவலாக இருக்கும் புரதமே கிருமியை ஒழிக்கவும் தேவைப்படுகிறது. நோய் எதிர்ப்பை மொத்தமாகக் கூட்டுவதும் மொத்தமாகக் குறைப்பதும் இங்கே உதவாது. எந்தச் சமிக்ஞை, எந்த மணி நேரத்தில் என்பதே கேள்வி.

அசோக் குமாரின் குழு 2010இல் வெளியிட்ட ஒரு முடிவு எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. பாக்டீரியாவின் செல்சுவரைப் போலச் செய்த ஒரு சிறு மூலக்கூறை முன்கூட்டியே எலியின் கண்ணில் செலுத்தி டோல்-2ஐத் தூண்டினார்கள். பிறகு உண்மையான ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸைச் செலுத்தியபோது கிருமியும் குறைவாக இருந்தது, அழற்சியும் குறைவாக இருந்தது. முன்னதாகத் தட்டி எழுப்பப்பட்ட விழித்திரை, கிருமியைக் கொல்லும் புரதங்களைத் தயாராக வைத்துக்கொண்டு, படையை அழைக்கும் கூச்சலை மட்டும் குறைத்துக்கொள்கிறது. இரண்டு வேலைகளையும் பிரிக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இப்போது நோயாளியின் பக்கம் வருவோம். அறுவை முடிந்த ஐந்தாறு நாள்களில் ஒருவர் திரும்பி வருகிறார். முதல் மூன்று நாள் நன்றாகத் தெரிந்தது, நேற்றிலிருந்து புகைபோல இருக்கிறது என்கிறார். விளக்கு நுண்ணோக்கியில் கன்னத்தைப் பதித்து உட்கார்ந்தால், கருவிழி கலங்கித் தெரிகிறது. அதற்குப் பின்னால், முன்னறையின் அடியில், வெள்ளையாக ஒரு மட்டம் கோடிட்டதுபோல் நிற்கிறது. தலையைச் சாய்த்துச் சற்று நேரம் வைத்திருந்தால் அந்த மட்டமும் மெல்லச் சாயலாம். அது சீழ், அதில் பெரும்பகுதி நியூட்ரோஃபில்கள். கண்ணுக்குள் படை இறங்கிவிட்டது என்பதை மருத்துவர் அந்த வெள்ளைக் கோட்டில் நேரில் பார்க்கிறார். விரல்களை எண்ணச் சொல்கிறார், முடியவில்லை. கையை ஆட்டினால் தெரிகிறதா என்று கேட்கிறார். டார்ச் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறதா என்று கேட்கிறார். இந்தக் கடைசிக் கேள்விக்கு இருக்கும் எடை வேறு எதற்கும் இல்லை.

1995இல் அமெரிக்காவில் முடிவு வெளியான எண்டாப்தால்மைட்டிஸ் விட்ரெக்டமி ஆய்வில் 420 நோயாளிகள் இருந்தார்கள். வெளிச்சம் மட்டுமே தெரிந்தவர்களுக்கு விட்ரியஸை அறுத்து எடுப்பது பலன் தந்தது. கையசைவாவது தெரிந்தவர்களுக்கு ஊசி மருந்தே போதுமானதாக இருந்தது. நரம்பில் ஏற்றிய ஆன்டிபயாடிக்கால் பயன் தெரியவில்லை. இன்றும் ஊசியால் விட்ரியஸைச் சிறிது உறிஞ்சிச் சோதனைக்கு எடுத்துவிட்டு, அதே இடத்தில் வான்கோமைசின் 1 மில்லிகிராமும் செஃப்டாசிடிம் 2.25 மில்லிகிராமும் தலா 0.1 மில்லிலிட்டரில் செலுத்துகிறார்கள். அந்த ஆய்வில் நான்கில் ஒருவருக்கு வலியே இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வலி இல்லையே, தொற்றாக இருக்காது என்று வீட்டில் காத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஊசி போட்ட மறுநாள் கண் முந்தின நாளைவிடச் சிவந்து, சீழ் கூடித் தெரிவதுண்டு. உறவினர்கள் பதறுவார்கள். மருந்து வேலை செய்யவில்லை என்பதுதான் காரணம் என்று எப்போதும் சொல்ல முடியாது. பாக்டீரியாவின் சுவரை உடைத்துக் கொல்லும் மருந்து, உடைந்த சுவரின் துணுக்குகளைக் கண்ணுக்குள்ளேயே விட்டுவிடுகிறது. அவையும் டோல் ஏற்பிகளுக்குக் கிருமியாகவே தெரிகின்றன. வெறும் செல்சுவர்களை மட்டும் பிரித்தெடுத்து முயலின் விட்ரியஸில் செலுத்தினாலே அழற்சி எழுவதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸைச் செலுத்திய முயல் கண்களில் சில நாள்களில் கிருமி தானாகவே அற்றுப்போனதையும் கண்டிருக்கிறார்கள். அழற்சி அதற்குப் பிறகும் தொடர்ந்தது. கிருமி செத்த பிறகும் கண் போவது இப்படித்தான்.

உயிருள்ள கிருமியே தேவையில்லை என்பதற்கு மனிதர்களிடமும் சான்று உண்டு. அறுவை முடிந்த 12 முதல் 48 மணி நேரத்துக்குள் கருவிழி ஓரத்திலிருந்து ஓரம் வரை வீங்கி, முன்னறையில் அழற்சி கொந்தளிக்கும் ஒரு நோய் இருக்கிறது. சுருக்கமாக டாஸ் என்பார்கள். வளர்தட்டில் எதுவும் வளராது. 2005இல் அமெரிக்காவில் ஏழு மாநிலங்களில் இது ஒரே நேரத்தில் பரவியது. விசாரித்தபோது, அறுவையின்போது கண்ணைக் கழுவப் பயன்படும் உப்புக்கரைசலின் ஒரு குறிப்பிட்ட தயாரிப்போடு அது தொடர்புடையது என்று தெரிந்தது. அதில் எண்டோடாக்சின் கலந்திருந்தது. கொதிக்க வைத்தால் பாக்டீரியா சாகும், எண்டோடாக்சின் சாகாது. கருவிகளைக் கிருமி நீக்கிவிட்டோம் என்று சொல்வதும், அவற்றில் அழற்சியைத் தூண்டும் எச்சம் எதுவும் இல்லை என்று சொல்வதும் வேறு வேறு என்பதை அறுவை அரங்குகள் அப்போதுதான் ஆழமாக உணர்ந்தன. டாஸுக்கு ஸ்டீராய்டு நன்றாகக் கேட்கும்.

ஸ்டீராய்டு என்றதும் இந்தத் துறையின் மிக நீண்ட வாதத்துக்கு வந்துவிடுகிறோம். அழிவில் பாதி அழற்சியால் என்றால், ஆன்டிபயாடிக்கோடு டெக்ஸாமெத்தசோனையும் கண்ணுக்குள் செலுத்தலாமே? தர்க்கம் சரியாகத்தான் தெரிகிறது. ஹைதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தில் தாராபிரசாத் தாஸ் குழு இதை 63 நோயாளிகளிடம் சோதித்து 1999இல் வெளியிட்டது. அழற்சி விரைவாகத் தணிந்தது. இறுதிப் பார்வையில் வித்தியாசம் இல்லை. 2018இல் நெதர்லாந்திலிருந்து 167 நோயாளிகளை வைத்து வந்த ஆய்வும் இறுதிப் பார்வையில் பலனைக் காட்டவில்லை. பலரும் இங்கே தோளைக் குலுக்கிக்கொண்டு, தீங்கில்லை, மருத்துவர் விருப்பப்படி செய்யலாம் என்று முடித்துவிடுகிறார்கள். அப்படி முடிப்பது சரியில்லை என்று நினைக்கிறேன். முயல்களில் நடந்த பழைய ஆய்வு ஒன்று வேறு விதமாகப் பேசுகிறது.

எண்டெரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற பாக்டீரியாவில் சில வகைகள் சைட்டோலைசின் என்ற நச்சைச் சுரக்கும், சில சுரக்காது. மைக்கேல் கில்மோரின் ஆய்வகம் இரண்டையும் தனித்தனியே முயல் கண்களில் செலுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஆன்டிபயாடிக், டெக்ஸாமெத்தசோன், இரண்டும் சேர்த்து என்று சிகிச்சை தந்து பார்த்தது. நச்சு இல்லாத வகைக்கு இரண்டும் சேர்ந்த சிகிச்சை கண்ணைக் காப்பாற்றியது. நச்சுள்ள வகைக்கு எதுவும் பலன் தரவில்லை. ஆன்டிபயாடிக் கிருமியைக் கொன்றபோதுகூட விழித்திரையைக் காப்பாற்ற முடியவில்லை. 1995இல் வந்த இந்த முடிவின் பொருள் கனமானது. நச்சில்லாத கிருமி வந்த கண்ணில் அழிவு பெரும்பாலும் நம் தற்காப்பின் கைவேலை. அங்கே ஸ்டீராய்டுக்கு வேலை இருக்கிறது. நச்சுள்ள கிருமி வந்த கண்ணில் கிருமியே கொலையாளி. அங்கே தற்காப்பை அடக்குவதால் எந்த லாபமும் இல்லை. இரு வகை நோயாளிகளையும் ஒரே கூட்டமாகச் சேர்த்து ஸ்டீராய்டைச் சோதித்தால், ஒரு பக்கம் கிடைத்த பலன் மறுபக்கத்துக் கணக்கில் கரைந்துபோகும் வாய்ப்பு அதிகம்.

மனிதர்களிடமும் கிருமிக்குக் கிருமி விதி மாறுகிறது. அமெரிக்க விட்ரெக்டமி ஆய்வில் ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸும் அதன் இனத்தாரும் வந்தவர்களில் 84 சதவீதம் பேர் கடைசியில் 6/30 அல்லது அதற்கு மேல் பார்வை பெற்றார்கள். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் வந்தவர்களில் 50 சதவீதம், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வந்தவர்களில் 30, எண்டெரோகாக்கஸ் வந்தவர்களில் வெறும் 14. நீரிழிவு இருந்தவர்களுக்கு முடிவு பொதுவாகவே மோசமாக இருந்தது. நம் ஊரில் இன்னொரு சிக்கல் கூடுகிறது. அமெரிக்காவில் கிராம் நெகட்டிவ் பாக்டீரியா சிறுபான்மை. இந்தியாவில் அவற்றின் பங்கு கணிசமாகக் கூடுதல். பூஞ்சையும், நோகார்டியா போன்ற மெதுவாக வளரும் பாக்டீரியாவும் இங்கே எதிர்ப்படுகின்றன. பூஞ்சை இருக்கும் கண்ணில் ஸ்டீராய்டைச் செலுத்த எந்த மருத்துவரும் அஞ்சுவார். ஹைதராபாத்தில் ஜோவீட்டா ஜோசப்பின் ஆய்வகம் எலிகளில் காட்டியதுபோல, மருந்துக்கு மசியாத சூடோமோனாஸ் கிளப்பும் அழற்சியும் மசியும் வகை கிளப்பும் அழற்சியும் ஒன்றல்ல.

தற்காப்பு மிகை என்றால் சீழ்தான் வரும் என்றும் இல்லை. குட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் தோலில் எல்லோரிடமும் வாழும் சோம்பேறிக் கிருமி. 1986இல் மெய்ஸ்லரும் சக மருத்துவர்களும் அது அறுவைக்கு மாதக்கணக்கில் கழித்துக் கண்ணுக்குள் மெல்லிய, தீராத அழற்சியை உண்டாக்குவதை எழுதினார்கள். செயற்கை லென்ஸைச் சுற்றியுள்ள உறையின் மடிப்புகளில் ஒளிந்துகொண்டு, தன்னைச் சுற்றிப் படலம் கட்டிக்கொள்கிறது. விழுங்கு செல்கள் அங்கே சுலபமாகப் போக முடியாது. ஸ்டீராய்டு சொட்டு விட்டால் கண் தெளியும், நிறுத்தினால் திரும்பும். ஆறேழு மாதம் இப்படி வந்துபோகும் கண்ணில், உறையில் ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பவருக்கே நோய் பிடிபடும்.

தடுப்பு மருந்தே தற்காப்பைச் சீண்டியதும் நடந்திருக்கிறது. தொற்று வராமல் இருக்க அறுவை முடிவில் கண்ணுக்குள் வான்கோமைசின் விட்ட சிலருக்கு, வலியே இல்லாமல் சில நாள்கள் கழித்து விழித்திரை ரத்தக்குழாய்கள் அடைபட்டு ரத்தம் கசிந்தது. 2010களின் நடுவில் அமெரிக்க மருத்துவர்கள் இதைத் தனி நோயாக அடையாளம் கண்டார்கள். மருந்துக்கு எதிரான தாமதமான ஒவ்வாமை என்பதே இன்றைய பொதுக் கருத்து. 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. ஏற்கெனவே தொற்று வந்த கண்ணுக்கு அதே வான்கோமைசின் இன்றும் முதல் மருந்துதான். ஆபத்தின் கணக்கு அங்கே வேறு.

தடுப்பைப் பற்றிய உறுதியான சான்று ஐரோப்பாவிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்தது. 2007இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், அறுவை முடிவில் முன்னறைக்குள் செஃபூராக்சிம் விட்டவர்களுக்குத் தொற்று ஏறக்குறைய ஐந்தில் ஒன்றாகக் குறைந்தது. அந்த மருந்து இந்தியாவில் எளிதாகக் கிடைக்கவில்லை. அரவிந்த் கண் மருத்துவமனைகள் 2014 முதல் மாக்ஸிஃப்ளாக்சசினை முன்னறைக்குள் விடத் தொடங்கின. மதுரையில் அவர்களது சார்பு நிறுவனமான ஆரோலேப் அதைக் குறைந்த விலையில் தயாரித்தது. ஹரிப்ரியா, டேவிட் சாங், ரவீந்திரன் ஆகியோர் 2017இல் வெளியிட்ட கணக்கில், மருந்து விடாத 3,02,815 அறுவைகளில் 214 பேருக்குத் தொற்று வந்திருந்தது. மருந்து விட்ட 3,14,638 அறுவைகளில் 64 பேருக்கு. சதவீதத்தில் 0.07இலிருந்து 0.02க்கு இறங்கியது. உலகில் வேறு எந்த மருத்துவக் குழுமமும் இவ்வளவு பெரிய எண்ணிக்கையைத் தனியாக வைத்து இந்தக் கேள்விக்கு விடை சொல்வது கடினம்.

இதைக் கிருமிக்கு எதிரான மருந்தின் வெற்றி என்று சொல்வது உண்மைதான். நோய் எதிர்ப்பின் கண்ணால் பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. முன்னறையில் விட்ட மருந்து, நீர் வடியும் வேகத்தில், சில மணி நேரத்தில் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. நீடித்த காவலை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. அந்தச் சில மணி நேரத்தில் அது கிருமியின் எண்ணிக்கையை இறக்கிவிடுகிறது. மீதியைக் கண் தன் வழக்கமான வழியில், படையைக் கூப்பிடாமல், வடித்துவிடுகிறது. தற்காப்பு நம் பக்கம் உறுதியாக நிற்கும் ஒரே கட்டம் அது. விட்ரியஸில் கூச்சல் தொடங்கிய பிறகு அதே தற்காப்போடு நாம் பேரம் பேச வேண்டியிருக்கிறது.

ஆனால் கண்ணுக்குள் போகும் கிருமியின் அளவே மிகுந்துவிட்டால் எந்த ஏற்பாடும் தாங்காது. 2008இல் விழுப்புரம் மாவட்டத்தில் இலவச முகாம் வழியாக அறுவை செய்துகொண்டவர்களில் அறுபதுக்கும் மேற்பட்டோர் பார்வையை இழந்தார்கள். 2014இல் பஞ்சாபிலும், 2021இல் பீகாரின் முசாஃபர்பூரிலும் இதேபோல் கூட்டமாகப் பார்வை போனது. உலகில் எங்கே இப்படி ஒரே அரங்கில், ஒரே நாளில், பலருக்குத் தொற்று வந்தாலும், இமையோரக் கிருமியை விட்டுவிட்டுக் கழுவுநீரையும் குழாய்களையும் கருவிகளையும்தான் முதலில் சோதிக்க வேண்டும். சூடோமோனாஸ் இத்தகைய நிகழ்வுகளில் அடிக்கடி அகப்படுகிறது. அது எண்டோடாக்சினையும் திசுவை அரிக்கும் நொதிகளையும் ஒருசேரக் கொண்டுவருகிறது. கிருமியும் தற்காப்பும் சேர்ந்தே அந்தக் கண்ணை அழிக்கின்றன. அந்த முதியவர்களில் பலர் கூலி வேலைக்குத் திரும்பிப் போகலாம் என்று நம்பி வந்தவர்கள். நோய் எதிர்ப்பைப் பற்றிய எந்த நுட்பமான ஆய்வும் அவர்களுக்கு நடந்ததை ஈடுசெய்யாது.

ஸ்டீராய்டு கேள்விக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அதற்கு இந்தியாவில்தான் விடை காண முடியும் என்று நம்புகிறேன். வளர்தட்டில் கிருமி வளர இரண்டு மூன்று நாள் ஆகிறது. பூஞ்சைக்கும் நோகார்டியாவுக்கும் இன்னும் கூட. அமெரிக்க விட்ரெக்டமி ஆய்வில் 69 சதவீதம் பேரிடம்தான் ஏதாவது வளர்ந்தது. அழற்சியை அடக்குவதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டிய நேரம் முதல் நாள். பிசிஆர் போன்ற மரபணுச் சோதனைகள் சில மணி நேரத்தில் கிருமியின் இனத்தைச் சொல்ல முடிகிற காலம் இது. நச்சு சுரக்கும் மரபணு இருக்கிறதா என்றும் அதே துளியில் தேடலாம். எனவே அடுத்த ஆய்வில் நோயாளிகளைச் சேர்க்கும்போதே பூஞ்சையை விலக்கி, நச்சுள்ள கிருமி, நச்சில்லாத கிருமி என்று பிரித்து, டெக்ஸாமெத்தசோனை ஒவ்வொரு பிரிவிலும் தனியாகச் சோதிக்க வேண்டும். தொற்று அரிதாகிவிட்டதால் ஒரு மருத்துவமனையில் இதற்கு வேண்டிய எண்ணிக்கை சேராது. மதுரை, சென்னை, ஹைதராபாத் ஆகிய ஊர்களின் பெரிய கண் மருத்துவமனைகள் ஒரே நெறிமுறையில் சேர்ந்து நடத்தினால், நாலைந்து ஆண்டுகளில் போதுமான கண்கள் கணக்கில் வந்துவிடும்.